இரண்டு பட்டியல்கள் ஒன்றாகும்போது... வரிசை எண் தருவதில் கவனம்!

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் பலரும் செய்யும் முதல் வேலை, நோட்டுப் புத்தகத்தில் உள்ள ஏதாவது ஒரு பட்டியலை எக்ஸெல்லில் டைப் செய்து வைப்பதுதான். சீட்டுக் கட்டுபவர்கள், டியூஷன் மாணவர்கள், கடைக்குக் கடன் பாக்கி வைத்தவர்கள், உறவினர்களின் போன் எண்கள் என்று எதுவாகவும் இருக்கலாம். அந்தப் பட்டியலின் முதல் நெட்டு வரிசையில் "வ.எண்" என்று போட்டு 1, 2, 3 என நிரப்புவோம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைப்போம்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பல இடங்களிலிருந்து வரும் டேட்டாவை ஒன்றாகச் சேர்த்து ஒரே டேட்டாபேஸில் ஏற்றுவதுதான் என் வேலை. அலுவலகத்தில் ஒருபோதும் செய்யாத ஒரு தவறை எங்கள் ஊரப்பாக்கத்தில் நலச் சங்கத்துக்காகச் செய்தேன். அதைச் சொன்னால் விஷயம் உங்களுக்கு எளிதாகப் புரியும்.

நடந்தது என்ன?

எங்கள் பகுதியில் அடுத்தடுத்து இரண்டு நகர்கள். இரண்டிலும் தனித்தனி நலச் சங்கங்கள். தெரு விளக்கு, மழைநீர் வடிகால் என்று எதற்கும் சேர்ந்து போனால்தான் காரியம் நடக்கும் என்று இரண்டையும் ஒன்றாக்கினார்கள். ஒரு சங்கத்தில் 212 உறுப்பினர்கள், மற்றதில் 167 பேர். "நீதான் கம்ப்யூட்டர்காரன் ஆயிற்றே, பட்டியலைச் சேர்த்துக் கொடுப்பா" என்றார் செயலாளர்.

இரண்டு நோட்டுகளையும் டைப் செய்து ஒரே ஒர்க்ஷீட்டில் சேர்த்தேன். பெயரின் அகர வரிசைப்படி அடுக்கினேன். 1 முதல் 379 வரை எண் கொடுத்தேன். சந்தா வரவுக்கு இன்னொரு ஒர்க்ஷீட். ஒவ்வொரு முறையும் பெயரை டைப் செய்ய வேண்டாம் என்பதற்காக, அதில் உறுப்பினர் எண், தேதி, தொகை மட்டும்.

மூன்று மாதம் கழித்துப் புதிதாக ஆறு பேர் சேர்ந்தார்கள். அவர்களையும் சேர்த்து, மறுபடி அகர வரிசைப்படி அடுக்கி, மறுபடி 1 முதல் 385 வரை எண் கொடுத்தேன். பட்டியல் அழகாக இருந்தது. ஆண்டு இறுதியில் சந்தா பாக்கி உள்ளவர்களின் பெயர்களை அச்சிட்டுக் கொடுத்தேன். அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

மறுநாள் காலை, தனியாக வசிக்கும் வயதான அம்மா ஒருவர் வீட்டுக்கு வந்தார். பாலிதீன் கவரில் ரசீது பத்திரமாக இருந்தது. "தம்பி, நான் 1,200 ரூபாய் கட்டியிருக்கேனே, எம்பேரை ஏன் ஒட்டியிருக்கீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. தெருவில் எல்லோரும் பார்த்துவிட்டார்களே என்ற வருத்தம்தான் அவர் குரலில் இருந்தது.

தேடிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. பணம் கட்டியபோது அவர் எண் 143. புதியவர்களில் நான்கு பேரின் பெயர்கள் அகர வரிசையில் அவருக்கு முன்னால் வந்ததால், அவர் 147 ஆகிவிட்டார். வரவு ஒர்க்ஷீட்டில் பழைய 143 அப்படியே இருந்தது. எனவே அவர் கட்டிய பணம், இப்போது 143 ஆகியிருந்த வேறொருவரின் கணக்கில் நின்றது. பழைய 147 பணம் கட்டாதவர். அந்தப் பாக்கி இந்த அம்மாவின் தலையில் விழுந்தது.

"கம்ப்யூட்டர் கூடத் தப்புப் பண்ணுமா?" என்று செயலாளர் கேட்டார். கம்ப்யூட்டர் தவறு செய்யவில்லை. நான் கொடுத்த எண்ணுக்கு நானே மதிப்புத் தரவில்லை.

பெயரையே அடையாளமாக வைத்தால் என்ன?

எண்ணே வேண்டாம், பெயரை வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். எங்கள் பட்டியலில் ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் கொண்டவர்கள் இருந்தார்கள். போன் எண்ணை வைக்கலாமா? மூன்று மனைகளுக்கு ஒரே மகனின் எண். அதுவும் மாறக்கூடியது. மனை எண்? இரண்டு நகரிலும் மனை எண் 47 உண்டு. பழைய உறுப்பினர் எண்ணும் அப்படித்தான். இரண்டு நோட்டிலும் எண் 1 இருந்தது.

இந்தச் சிக்கல் சிறிய சங்கங்களுக்கு மட்டும் உரியதல்ல. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாயின. (எங்கள் ஊரப்பாக்கம் அந்த இணைப்பில் இல்லை.) பத்து அமைப்புகளிலும் 1-ஆவது வார்டு என்று ஒன்று இருந்தது. புதிய மாநகராட்சியில் வார்டுகள் 70. எனவே "1-ஆவது வார்டு" என்று மட்டும் எழுதிய பழைய தாள் ஒன்று கிடைத்தால், எந்த ஊரின் 1-ஆவது வார்டு என்று கேட்காமல் அதைப் பயன்படுத்த முடியாது.

எண்ணுக்குள் பொருள் வைத்தாலும் தொல்லைதான். எங்கள் பழைய சங்கம் ஒன்றில் உறுப்பினர் எண்ணுக்கு முன்னால் "காஞ்சி" என்று எழுதியிருந்தார்கள். 2019-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தைப் பிரித்துச் செங்கல்பட்டு மாவட்டம் உருவானதும் ஊரப்பாக்கம் செங்கல்பட்டுக்குள் வந்துவிட்டது. எண்ணில் இருந்த ஊர்ப்பெயர் பொய்யானது.

தாம்பரம் வழியாகப் போகும் பாண்டியன் எக்ஸ்பிரஸ்ஸையே பாருங்கள். மதுரை செல்லும் அந்த ரயிலின் எண் முன்பு 2637. 2010 டிசம்பர் 20 முதல் நாடு முழுவதும் ரயில் எண்கள் ஐந்து இலக்கமானபோது 12637 ஆனது. ரயில் எண்ணின் முதல் இலக்கங்கள் அது எந்த வகை ரயில் என்பதைச் சொல்கின்றன. வகையோ முறையோ மாறினால் எண்ணும் மாறியாக வேண்டும்.

பான் கார்டு எண்ணில் ஐந்தாவது எழுத்து, குடும்பப் பெயரின் முதல் எழுத்து. திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றிக்கொண்டாலும் பான் எண் மாறுவதில்லை. எழுத்து ஒன்றைச் சொல்லும், கார்டில் உள்ள பெயர் வேறொன்றைச் சொல்லும். 2010-இல் வழங்கத் தொடங்கிய ஆதார் எண்ணில் இந்தத் தொல்லை இல்லை. 12 இலக்கங்களில் ஊர், வயது, பாலினம் எதுவும் மறைந்திருக்கவில்லை. ஆளைக் குறிப்பது ஒன்றே அதன் வேலை.

பதிலி எண் என்றால் என்ன?

இப்படி எந்தப் பொருளும் இல்லாமல், ஒருவரை அல்லது ஒன்றைக் குறிப்பதற்காக மட்டும் நாமே உருவாக்கித் தரும் எண்ணை டேட்டாபேஸ் துறையில் "சரோகேட் கீ" என்று அழைக்கிறார்கள். சரோகேட் என்றால் இன்னொன்றுக்குப் பதிலாக நிற்பது. நாம் இதனைப் பதிலி எண் என்று கொள்ளலாம். ரிலேஷனல் டேட்டாபேஸ் என்ற முறையை 1970-இல் வகுத்துத் தந்த இ.எப். காட், 1979-இல் எழுதிய கட்டுரையில் இந்தப் பதிலிகளைப் பற்றிப் பேசியிருக்கிறார். பல இடத்து டேட்டாவைச் சேர்த்து வைக்கும் டேட்டா வேர்ஹவுஸ் குறித்து 1996-இல் புத்தகம் எழுதிய ரால்ப் கிம்பல், இத்தகைய எண்களைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று தொடர்ந்து வலியுறுத்தினார்.

பெரிய நிறுவனங்களில் இதன் தேவை இன்னும் அதிகம். இந்தியன் வங்கியும் அலகாபாத் வங்கியும் 2020 ஏப்ரல் 1 முதல் ஒன்றாயின. இப்படி இரண்டு வங்கிகள் சேரும்போது, ஒரே எண் இரண்டு பேருக்கு இருக்கலாம். இரண்டு வங்கியிலும் கணக்கு வைத்திருப்பதால் ஒரே ஆளுக்கு இரண்டு எண்களும் இருக்கலாம். இரண்டையும் சரிபார்த்துத்தான் டேட்டாவைச் சேர்க்க வேண்டும்.

எண் எப்படித் தரப்படுகிறது?

டேட்டாவை ஓரிடத்திலிருந்து எடுத்து, சீர்செய்து, இன்னோரிடத்தில் ஏற்றும் புரோகிராமை நாங்கள் "ஜாப்" என்போம். தினமும் இரவில் அது ஓடும். வரும் ஒவ்வொரு பதிவுக்கும் அது செய்வது இதுதான்.

1. முதலில் ஒப்பீட்டுப் பட்டியலைப் பார்க்கும். அதில் மூன்று நெட்டு வரிசைகள்: எந்த ஊர்ப் பட்டியல், அங்கே பழைய எண் என்ன, இங்கே கொடுத்த புதிய எண் என்ன.

2. ஏற்கெனவே இருந்தால், கொடுத்த புதிய எண்ணையே எடுத்துக்கொள்ளும். புதிதாக எதுவும் தராது.

3. இல்லாவிட்டால் மட்டும் அடுத்த எண்ணைத் தரும். தந்ததை அந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் எழுதிவிடும்.

என் தவறு இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். முதல் இரண்டு படிகளை விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் மூன்றாவது படியை மட்டும் செய்தேன். எண்ணை உருவாக்குவது எளிது. தருவதற்கு முன் தேடிப் பார்ப்பதுதான் முக்கியம்.

அடுத்த எண்ணை நினைவில் வைக்கத் தனி வசதிகள் இருக்கின்றன. ஆரக்கிளில் சீக்வென்ஸ், மைஎஸ்க்யூஎல்லில் ஆட்டோ இன்கிரிமென்ட், எஸ்க்யூஎல் சர்வரில் ஐடென்டிடி. இன்பர்மேடிகா பவர்சென்டரில் சீக்வென்ஸ் ஜெனரேட்டர், டேட்டாஸ்டேஜில் சரோகேட் கீ ஜெனரேட்டர். பெயர்கள் வேறு, வேலை ஒன்றுதான். எங்கே தொடங்க வேண்டும், எத்தனை கூட்ட வேண்டும், கடைசியாக எதைத் தந்தோம் என்பதை அது குறித்து வைத்துக்கொள்ளும்.

கவனிக்க வேண்டிய நான்கு

முதலாவது, மீண்டும் 1-இலிருந்து தொடங்குவது. பவர்சென்டரில் ரீசெட் என்று ஒரு தேர்வு உண்டு. அதனைத் தேர்ந்தெடுத்தால் ஜாப் ஓடும் ஒவ்வொரு முறையும் தொடக்க எண்ணிலிருந்தே எண்கள் வரும். தற்காலிக வேலைகளுக்கு அது சரி. நிலையான பட்டியலுக்கு அது நான் செய்த அதே தவறு.

இரண்டாவது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் எண் தருவது. இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து ஒன்று கூட்டிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு ஜாப்கள் ஒரே நொடியில் பார்த்தால் இரண்டுக்கும் 500 தெரியும். இரண்டும் 501-ஐத் தரும். இதற்குத் தீர்வு ரசீதுப் புத்தகம் போல எண்களைப் பிரித்துக் கொடுப்பது. கோவில் திருவிழாவுக்கு வசூல் செய்யும் இருவரில் ஒருவருக்கு 1 முதல் 100 வரை, மற்றவருக்கு 101 முதல் 200 வரை என்று புத்தகம் தருவார்கள் அல்லவா, அதே முறைதான்.

மூன்றாவது, இடைவெளியைக் கண்டு பயப்படுவது. ஆரக்கிள் சீக்வென்ஸ் வழக்கமாக 20 எண்களை முன்கூட்டியே எடுத்து மெமரியில் வைத்துக்கொள்ளும். சர்வர் திடீரென நின்றுபோனால், தராமல் மிச்சமிருந்தவை வீணாகும். 340-க்குப் பிறகு 361 வரும். வரட்டும். இடையில் எண் விட்டுப்போவதால் யாருக்கும் நட்டமில்லை. இடைவெளியை நிரப்புகிறேன் என்று பழைய எண்ணைப் புதியவருக்குத் தந்தால்தான் நட்டம். பதிலி எண், ஆட்களை எண்ணிப் பார்ப்பதற்கான எண் அல்ல.

நான்காவது, எண்ணின் எல்லை. மைனஸ் எண்களுக்கும் இடம் விடும் 32 பிட் இடத்தில் அடங்கும் பெரிய எண் 2,147,483,647. 2014-இல் யூட்யூபில் "கங்னம் ஸ்டைல்" பாடலைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை இந்த எல்லையைத் தாண்டும் நிலை வந்ததால், அந்தக் கணக்கை 64 பிட்டுக்கு மாற்றினார்கள். நம் வீட்டுப் பட்டியலுக்கு இந்தக் கவலை வேண்டாம். கோடிக்கணக்கான பதிவுகள் தினமும் வரும் இடத்தில் இதை முதல் நாளே யோசிக்க வேண்டும்.

உங்கள் கம்ப்யூட்டரில் செய்து பாருங்கள்

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமிலும் இதனைச் செய்திடலாம்.

1. முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஓர் எண் எதைக் குறிக்கிறது என்பது. ஆளையா, வீட்டையா, மனையையா? எங்கள் சங்கத்தில் சந்தா மனைக்குத்தான். எனவே இரண்டு மனை உள்ளவருக்கு இரண்டு எண்கள் என்று தீர்மானித்தோம்.

2. பட்டியலின் இடது ஓரத்தில் "நிலை எண்" என்று ஒரு நெட்டு வரிசை அமைக்கவும். அடுத்து "பழைய பட்டியல்", "பழைய எண்" என்று இரண்டு. இவைதான் உங்கள் ஒப்பீட்டுப் பட்டியல். இவற்றை எப்போதும் அழிக்க வேண்டாம்.

3. முதல் செல்லில் 1001, அதன் கீழ் 1002 என டைப் செய்திடவும். இரண்டையும் தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுக்கவும். எண்கள் நிரம்பிவிடும். படுக்கை வரிசையின் எண்ணைக் கணக்கிட்டுத் தரும் பார்முலாவை இங்கே போட வேண்டாம். வரிசையை மாற்றி அடுக்கியவுடன் அது புது எண்ணைக் காட்டும்.

4. அகர வரிசையில் அடுக்கும்போது முழுப் பட்டியலையும் தேர்ந்தெடுக்கவும். ஒரு நெட்டு வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்தால் எக்ஸெல் ஓர் எச்சரிக்கை காட்டும். அதில் தேர்வை விரிவாக்கும் முதல் வாய்ப்பையே தேர்ந்தெடுக்கவும். இல்லாவிட்டால் பெயர்கள் மட்டும் இடம் மாறும், எண்கள் நின்ற இடத்திலேயே நிற்கும்.

5. தனியாக ஒரு செல்லில் "கடைசியாகத் தந்த எண்" என்று குறித்து வைக்கவும். புதியவர் வந்தால், பெயரையும் மனை எண்ணையும் வைத்து முதலில் தேடவும். கண்ட்ரோல் கீயுடன் எப் கீயை அழுத்தினால் தேடும் விண்டோ கிடைக்கும். இல்லை என்று உறுதியான பிறகு அடுத்த எண்ணைத் தந்து, அந்தச் செல்லையும் மாற்றவும்.

6. ஒருவர் விலகினால் அவருடைய படுக்கை வரிசையை நீக்க வேண்டாம். "விலகினார்" என்று ஒரு குறிப்புப் போதும். அவர் எண் அவருக்கே.

7. மாதம் ஒருமுறை, நிலை எண் வரிசையைத் தேர்ந்தெடுத்து, கண்டிஷனல் பார்மட்டிங் பிரிவில் இரட்டையாக உள்ள மதிப்புகளை நிறமிட்டுக் காட்டும் தேர்வைக் கிளிக் செய்திடவும். எக்ஸெல் 2007 முதல் இந்த வசதி உள்ளது. எந்தச் செல்லும் நிறம் மாறவில்லை என்றால் ஒரே எண் இருவருக்குப் போகவில்லை.

மைக்ரோசாப்ட் அக்செஸ் வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. டேபிள் அமைக்கும்போது ஒரு பீல்டுக்கு ஆட்டோநம்பர் என்ற வகையைத் தந்தால், ஒவ்வொரு புதிய பதிவுக்கும் எண்ணை அதுவே தரும். ஆனால் தேடிப் பார்க்கும் வேலை அதற்கும் தெரியாது. ஒரே ஆளை இரண்டு முறை டைப் செய்தால் தயங்காமல் இரண்டு எண்கள் தரும். அது உங்கள் பொறுப்பு.

எப்படிச் சரி செய்தோம்?

ரசீதுப் புத்தகங்களின் கார்பன் நகல்களில் பெயரும் மனை எண்ணும் கையால் எழுதப்பட்டிருந்ததால் தப்பித்தோம். பொருளாளர் ஒவ்வொன்றாகப் படிக்க, நான் ஒவ்வொரு வரவையும் உரியவரோடு மறுபடி பொருத்தினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. புதிய எண்களை 1001-இலிருந்து தொடங்கியதற்குக் காரணம் உண்டு. பழைய 1 முதல் 385 வரையிலான எண் எங்காவது கண்ணில் பட்டால், இது பழையது என்று உடனே தெரிந்துவிடும்.

அந்த அம்மாவின் சந்தா முழுமையாக வரவாகிவிட்டது என்றும், தவறு பட்டியல் தயாரித்தவருடையது என்றும் எழுதி, அதே அறிவிப்புப் பலகையில் அதே இடத்தில் ஒட்டச் சொன்னேன். அவர் வந்து படித்துவிட்டு, "இனிமே என் நம்பர் என்ன தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். ரசீதின் பின்பக்கத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் பட்டியல்களை இன்று ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் உள்ள வ.எண்ணை வேறு எந்த ஒர்க்ஷீட்டிலாவது, ரசீதிலாவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? ஆம் என்றால் அது இனி வெறும் வரிசை எண் அல்ல, ஓர் ஆளின் அடையாளம். பட்டியலை எப்படி வேண்டுமானாலும் மாற்றி அடுக்குங்கள். அந்த எண்ணில் மட்டும் கை வைக்காதீர்கள்.